அம்மாவுக்கு வைத்த சுமைதாங்கி

கடலோரச் சல்லி ஊரிலிருந்து துறைமுகப் பட்டணத்துக்கு வரும் தெருவில், இரண்டு கற்களை நட்டு மேலே ஒன்றைக் குறுக்கே ஏற்றிய ஒரு சுமைதாங்கி நின்றது. தலையில் மீன் கடகம் சுமந்து வருகிற பெண்கள் ஒருவர் உதவியும் இல்லாமல் பாரத்தை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றிக்கொண்டு போகத் தோதான உயரம். அது என் அம்மாவின் ஞாபகமாக ஊர் கூடி வைத்த கல். அன்பினால்தான் வைத்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. பகையினால் ஒருவன் கெடுதல் செய்தால் நாலு பேரிடம் முறையிடலாம். அன்பினால் செய்தால் யாரிடம் போய் அழுவது?

அம்மா மருத்துவிச்சி. அப்பா காய்ச்சலில் போனபோது எனக்குப் பால்பல்லே விழவில்லை. அதன் பிறகு அம்மா ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று வாட்டில் எடுபிடியாய் நின்று தொழில் பழகினார். பிறகு ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினார். சல்லியிலும் நிலாவெளியிலும் கடற்கரைக் குடிசைகளில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவர் கையில் விழுந்தவை. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் தோணி அனுப்பிக் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று பெயர். வாயும் அப்படித்தான். நோவில் கிடக்கிறவள் குரல் எடுத்தால், “கத்துற மூச்சை முக்கிறதுக்கு வைச்சிரடி, பிள்ளை காதாலையே வரப்போகுது?” என்று ஏசுவார். அந்த ஏச்சுக் கேட்டால்தான் பயம் தெளியும் என்று பெண்கள் சொல்வார்கள்.

எனக்கு அந்தப் பெருமையெல்லாம் கொஞ்சமும் பிடிக்காது. மற்ற வீடுகளில் தாய் சோறு போட்டுக் கொடுக்க, எங்கள் குசினியில் நான் தனியே புகையோடு மல்லுக்கட்டினேன். ஊருக்கெல்லாம் தாய், எனக்கு மட்டும் விருந்தாளி என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். அம்மா சிரித்துவிட்டு, “உன்னைப் பெறேக்கை எனக்கு ஆள் கிடைக்கேல்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியும்” என்றார்.

உலகச் சண்டை வந்தபோது துறைமுகம் கப்பலால் அடைத்துவிட்டது. எந்தத் தேசத்துச் சிப்பாய் என்று தெரியாத முகங்கள் தெருவெல்லாம். பதுங்குகுழி வெட்டச் சொன்னார்கள், விளக்கை மறைக்கச் சொன்னார்கள், அரிசிக்குக் கூப்பன் தந்தார்கள். துறைமுகத்துக்குக் கூலியாள் பிடித்துக் கொடுத்த கொந்திராத்துக்காரர் ஒருவர் மட்டும் மளமளவென்று கல்வீடு எழுப்பினார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை.

அந்தச் சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முந்தி, கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று செய்தி வந்தது. அடுத்தது நாங்கள்தான் என்று சனம் மூட்டை கட்டத் தொடங்கியது. சின்னம்மாவும், அதுதான் அம்மாவின் தங்கை, திரியாய்க்குப் போக வண்டி பேசி வைத்துவிட்டார். விடிய நாங்கள் புறப்படுகிற நேரம் கிண்ணியாவிலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு முஸ்லிம் முதலாளியின் மருமகளுக்கு நோக் கண்டிருக்கிறது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அம்மா வந்தால்தான் தாயும் பிள்ளையும் தப்பும்.

“இண்டைக்குப் போகாதேங்கோ அம்மா. பிளேன் வருமாம்” என்றேன்.

“பிளேன் வருமெண்டு பிள்ளை உள்ளுக்கை பொறுத்திருக்குமே? நீ சின்னம்மாவோடை போ. நான் நாளைக்கு வந்து சேருவன்” என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் நடந்தார்.

எங்கள் வண்டி சாம்பல்தீவு தாண்டவில்லை, பின்னால் வானம் இடிந்தது. திரும்பிப் பார்த்தால் துறைமுகத்துப் பக்கம் கரும்புகை. சின்னம்மா என் தலையைப் பிடித்து மடியில் அமத்திக்கொண்டார். அம்மா இறங்குதுறைக்குக் கிட்டவே குண்டு பட்டு விழுந்துவிட்டார் என்பதைத் திரியாய்க்கு வந்த ஒரு வண்டில்காரர் சொல்லித்தான் அறிந்தோம். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பட்டணத்தில் பெண்களென்று யாரும் மிஞ்சவில்லை. ஏ.ஆர்.பி. என்கிற குண்டுவீச்சுக் காவல்காரர் கிடைத்த உடல்களைக் கூட்டி ஒரே குழியில் புதைத்துவிட்டார்கள். அம்மாவைக் குளிப்பாட்ட ஒரு பெண்ணின் கை கிடைக்கவில்லை, வாய்க்கரிசி போட நான் இல்லை. ஊரெல்லாம் பிள்ளைகளைக் குளிப்பாட்டியவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் போனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததற்கு இதுவே ஆணிவேர்.

கிண்ணியாவில் அந்தப் பிள்ளை எப்படியோ பிறந்து, தாயும் தப்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அப்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொய் சொல்லி என்ன?

சனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டணம் திரும்பியது. நாங்கள் திரியாயில் அறுவடை வேலைக்கு நின்றுவிட்டோம். ஒருநாள் எங்களைத் தேடிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். அம்மாவுக்கு ஞாபகச் சின்னம் வைக்க ஊரில் சபை ஒன்று கூடியிருக்கிறதாம். கொந்திராத்துக்காரர்தான் தலைவர். திறப்பு விழாவுக்கு மகள் கட்டாயம் வரவேண்டுமாம்.

“கிணறோ?” என்று ஆசையோடு கேட்டேன். சல்லித் தெருவில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று வேண்டும் என்று அம்மா எப்போதும் புறுபுறுத்தபடி இருப்பார்.

“கிணறுதான் யோசிச்சனாங்கள் தங்கச்சி. சீமெந்து முழுக்கப் பட்டாளத்துக்குப் போகுது. ஒரு பையும் எடுக்கேலாது. ஆனால் நல்ல சாமான்தான் செய்திருக்கிறம். வந்து பாருங்கோவன்.”

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா போன பிறகு முதல்முறையாக நெஞ்சு நிறைந்திருந்தது. அவரோடு நான் பிடித்த சண்டைக்கெல்லாம் ஊர் மறுமொழி சொல்வதுபோல இருந்தது. அவர் ஊருக்கு ஓடினார், ஊர் அவரை மறக்கவில்லை. சின்னம்மா தன்னிடம் இருந்த ஒரே நல்ல சேலையை எனக்கு உடுத்திவிட்டார்.

விழாவுக்குப் பந்தல் போட்டு, வாழை கட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவருக்கும் தலைவருக்கும் கதிரை. மற்றவர்கள் நின்றோம். நடுவே வெள்ளைத் துணியால் மூடிய ஒன்று நின்றது. துணியை எடுக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. அந்த உருவத்தைத் துணியால் மறைக்க முடியாது. இரண்டு கால், மேலே ஒரு குறுக்குக் கல். பக்கத்தில் நின்ற சின்னம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அவருடைய நகம் பதிந்தது.

எங்கள் பக்கத்தில் சுமைதாங்கியை யாருக்கு வைப்பார்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு செத்துப்போன பெண்ணுக்கு வைப்பார்கள். அவள் இறக்காத சுமையோடு போகிறாள். தெருவில் போகிற நாலு பேர் அந்தக் கல்லில் பாரத்தை இறக்கினால் அவளுடைய பாரமும் இறங்கும் என்று நம்பிக்கை. கல்லைக் கண்டால், பெயரை வாசிக்கத் தெரியாதவள்கூட, “ஐயோ, பிள்ளைத்தாச்சி” என்று உச்சுக்கொட்டிவிட்டுத்தான் கடகத்தை வைப்பாள். என் அம்மா, எனக்குப் பால்பல் விழும் முன்னே தாலி அறுத்தவர்.

துணி விழுந்தது. ஆண்கள் கைதட்டினார்கள். பெண்கள் என்னையும் சின்னம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தலைவர் எழுந்து, “ஊரின் சுமையையெல்லாம் தன் தலையில் தாங்கிய உத்தமிக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் உண்டா?” என்று முழங்கினார். துரைக்கு அது மொழிபெயர்க்கப்பட்டது. துரையும் தலையாட்டினார். கல்லின் முகத்தில் தலைவரின் பெயர் பட்டத்தோடு பெரிதாகவும், துரையின் பெயர் அதற்கடுத்ததாகவும், அம்மாவின் பெயர் கீழே, கிடைத்த இடத்திலும் வெட்டப்பட்டிருந்தன.

கூட்டம் கலையும்போது, அம்மாவிடம் மூன்று பிள்ளை பெற்ற ஒரு மீன்காரப் பெண் என்னைப் பந்தல் காலோரம் இழுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் மனத்தில் கெடுதல் இல்லை.

“பிள்ளை, குறை நினையாதை. கொம்மாவுக்கு எத்தினை மாசம்?”

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். தட்டியது பிழை என்று சின்னம்மா பிறகு சொன்னார். இல்லை என்றால் வாயால் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டுமாம். கோபப்பட்டால் உண்மை என்று எடுத்துவிடுவார்களாம். அப்படித்தான் எடுத்தார்கள்.

அந்தச் சபையில் இருந்த ஆண்களுக்கு வழக்கம் தெரியாமலில்லை. அவர்களில் ஒருவர் தன் தமக்கைக்கே சுமைதாங்கி வைத்தவர். பிறகேன் வைத்தார்கள் என்று நான் பல காலம் தலையைப் போட்டு உடைத்திருக்கிறேன். அவர்கள் கண்ணுக்கு அம்மா ஒரு பெண்ணாகவே இருக்கவில்லை என்பதுதான் நான் கண்ட பதில். மருத்துவிச்சிக்கும் ஒரு வயிறு உண்டு என்பது ஒருவர் புத்தியிலும் ஏறவில்லை. சீமெந்து இல்லை, கல் இருக்கிறது, மீன்காரப் பெண்களுக்கு உதவும், பேச்சுக்கும் நல்ல உவமை. அவ்வளவுதான் யோசனை. வீட்டுக்குப் போய்ப் பெண்சாதியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அந்த இடத்திலேயே நின்றிருக்கும். பெண்களை ஒரு நன்மை தீமை கேட்கிற வழக்கம் எங்கள் சபைகளில் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடித்தார்கள்.

விழாவுக்கு வந்த நாங்கள் பட்டணத்து வீட்டிலேயே தங்கிவிட்டோம். கதை ஊரெல்லாம் ஓடியது. அம்மா ஒருதரம் பிரசவம் பார்த்துவிட்டுப் பட்டாள லொறியில் வந்து இறங்கியது பலருக்கு ஞாபகம் வந்தது. தெருவை மறித்திருந்ததால் சிப்பாய்களே ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கடைசி நாட்களில் உடம்பு வைத்திருந்தார் என்றாள் ஒருத்தி. அவருடைய உடலைக் குளிப்பாட்டிய பெண் ஒருத்தி இருந்திருந்தால், “நான் கண்டனான், வயிறு வெறும் வயிறு” என்று சத்தியம் பண்ணியிருப்பாள். அந்தக் கை இல்லாமல் போய்விட்டதே! நிலாவெளியில் எனக்குப் பேசிய சம்பந்தமும் நின்றது. மாப்பிள்ளையின் தாய் சின்னம்மாவிடம் வந்து, மரியாதையாகத்தான், “சுமைதாங்கி ஒருத்தரும் சும்மா வைக்கமாட்டினம்தானே?” என்று கேட்டுவிட்டுப் போனா. மாப்பிள்ளை போனதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. அந்த மனுசனை அவருடைய தாயின் உடம்பிலிருந்து இழுத்து எடுத்ததும் என் அம்மாவின் கைதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் தலைவர் வீட்டுக்குப் போனேன். சின்னம்மா தடுத்தும் கேட்கவில்லை. அவர் புதுக் கல்வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

“ஐயா, அந்தக் கல்லை எடுத்துவிடுங்கோ. எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்.”

“ஏன் பிள்ளை? ஊர் ஒண்டு சேர்ந்து செய்த மரியாதை அது.”

குமர்ப்பிள்ளை, தன் தாயின் வயிற்றைப் பற்றி, ஆண்பிள்ளை ஒருவருக்கு எப்படிச் சொல்வது? எப்படியோ சொன்னேன். அவர் முகம் ஒருதரம் கறுத்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது என்று நான் சத்தியம் பண்ணுவேன். ஆனால் பெரிய மனிதர்களுக்கு விளங்குவது ஒன்று, இறங்கி வருவது வேறு.

“அதெல்லாம் பழைய காலத்துக் கதை. சனம் ரெண்டு நாளைக்குக் கதைச்சுப்போட்டு விட்டிடும்.”

“அப்ப அம்மா மருத்துவிச்சி எண்டாவது அதிலை வெட்டுங்கோ.”

“எங்கை பிள்ளை இடம் கிடக்கு? துரையின்ர பேரை அழிக்கேலாது. துரை வந்து திறந்த கல்லை எடுத்தால் என்ன நினைப்பினம்? என்ர கொந்திராத்து என்ன ஆகும்?”

கதவுக்குப் பின்னால் அவருடைய பெண்சாதி நின்றா. முதல் பிள்ளையின்போது மூன்று நாள் நோவில் கிடந்து, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பெற்றவ. நான் அவவைப் பார்த்தேன். அவவும் என்னைப் பார்த்தா. ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. தலைவரைவிட அவவைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கல்லுக்குச் செலவழித்தவர் தலைவரும் அல்ல. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்கிற கணக்கு. கற்கள் மூன்றும் அந்தக் கிண்ணியா முதலாளி சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்ட வாங்கி வைத்தவை. தன் மருமகளுக்காக வந்த வழியில் அம்மா செத்துப்போனார் என்ற கவலையில், என்ன செய்யப் போகிறார்கள் என்றுகூடக் கேட்காமல் கொடுத்திருக்கிறார். கதை கிண்ணியாவுக்கும் எட்டியபோது அவர் ஒருவர்தான் எங்கள் வாசலுக்கு வந்தார். தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எங்கட ஆக்களுக்க இந்த வழக்கம் இல்ல மகள். எனக்கு ஒண்டும் தெரியா. சுமை வைக்கிற கல்லு, நல்ல காரியமெண்டுதான் நினைச்சன்” என்றார். “என்ட கல்லு. நானே எடுக்கிறன். தலைவரென்ன, கவர்ணர் வந்தாலும் எடுக்கிறன்.”

ஒரு குற்றமும் இல்லாத மனுசன் வந்து மன்னிப்புக் கேட்டார். குற்றம் உள்ளவர்கள் கதிரையில் சாய்ந்திருந்தார்கள். அவர் முன்னால் நான் அழுதேன், அம்மா செத்த செய்திக்கு அழுததைவிட.

சொன்னபடியே ஒருநாள் காலையில் வண்டிலும் கல் நெம்ப அலவாங்கும் நாலு ஆட்களுமாக வந்துவிட்டார். நானும் சின்னம்மாவும் கூடவே போனோம். சல்லிப் பக்கத்திலிருந்து மீன் கொண்டு வந்த பெண்கள் அப்போதுதான் கடகங்களை இறக்கி இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் அலவாங்கைக் கல்லின் அடியில் கொடுத்ததும் அவர்கள் ஓவென்று எழும்பினார்கள். அவர்களுக்குள் ஒரு சின்னப் பெண், வயிறு முன்னுக்குத் தள்ளியவள், ஓடிவந்து கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எடுக்கவிடாதேங்கோ! அவவின்ர பாரம் இதிலைதான் இறங்கியிருக்கு. கல்லைப் பிடுங்கினால் அது ஆருக்கு ஏறும்? என்ர வயித்திலை பிள்ளை கிடக்கு அக்கா!”

“அவவுக்கு வயித்திலை ஒண்டும் இருக்கேல்லையடி” என்று கத்தினேன்.

அவள் கேட்கவில்லை. கல்லை இன்னும் இறுக்கிக்கொண்டு நெற்றியை அதில் முட்டினாள். அந்தப் பயத்தை நான் அறிவேன். அந்தப் பயத்தைத் தெளிய வைக்கத்தான் என் அம்மா சோறு தண்ணீர் இல்லாமல் இரவு பகலாக ஓடினார். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். சொல் மகள், இழுக்கட்டா என்ற பார்வை. இழுக்கச் சொல்லியிருக்கலாம். அம்மாவின் பெயர் ஒரு பக்கம், பயந்து கல்லைக் கட்டிக்கிடக்கிற இந்தப் பிள்ளைத்தாச்சி ஒரு பக்கம். அம்மா அங்கே இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று யோசிக்கவே தேவையில்லை. செத்த பிறகும் அவர் என் பக்கம் வரவில்லை.

“விடுங்கோ முதலாளி” என்றேன்.

வண்டில் வெறுமையாகத் திரும்பிப் போனது. ஆட்கள் கிளறிய மண்ணை அந்தப் பெண்களே காலால் மிதித்து இறுக்கினார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். கல் எடுக்க வந்தவர்களைப் பிள்ளைத்தாச்சி மறித்தாள் என்ற செய்தி பரவி, கல்லுக்குச் சக்தி உண்டு என்றே ஆகிவிட்டது. அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம். அதற்குப் பிறகு கேட்கவும் வேண்டுமா? வெற்றிலை வைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். எண்ணெயும் புகையும் படிந்து கல்லின் முகம் கறுத்தது. கீழே சின்னதாக வெட்டியிருந்த அம்மாவின் பெயர்தான் முதலில் மறைந்தது.

சண்டை முடிகிற காலம். நான் கூப்பன் அரிசி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவால் வந்தேன். கல்லடியில் ஒரு பிள்ளைத்தாச்சி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். நான் அறியாத முகம். ஊர் தோப்பூராம், புருசனுக்குத் துறைமுகத்தில் வேலையாம். கேட்காமலே சொன்னாள்.

“ஆரோ ஒரு கைம்பெண் அக்கா, பாவம். களவாய் வயிறு வந்து, பிள்ளையோடை செத்தவவாம். தொட்டுக் கும்பிட்டால் சுகமாய்ப் பெறலாமெண்டு சொல்லுகினம்.”

எனக்குத் தலை கொதித்தது. ஆனால் இந்தமுறை நான் கத்தவில்லை, கையைத் தட்டவில்லை. சின்னம்மா சொன்னபடி, ஆறுதலாக, வாயால் சொன்னேன்.

“அவ பிள்ளையோடை சாகேல்லை, தங்கச்சி. அவ மருத்துவிச்சி. ஒருத்திக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போகேக்கை குண்டு பட்டுச் செத்தவ. எனக்குத் தெரியும். அவ என்ர அம்மா.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் இரக்கம் நிறைந்திருந்தது. அம்மாவுக்காக அல்ல, எனக்காக.

“ஓம் அக்கா” என்றாள். “பெத்த தாயை ஆர்தான் விட்டுக்குடுப்பினம்? அப்பிடித்தான் சொல்லவேணும்.”

பிறகு ஒதுங்கி, கல்லின் மேலிருந்த வெற்றிலையைக் கையால் தள்ளி எனக்கு இடம் பண்ணித் தந்தாள். “பாரமாய்க் கிடக்கு. இதிலை கொஞ்சம் இறக்கி வையுங்கோவன்.”

நான் இறக்கவில்லை. அரிசி மூட்டையைத் தலையில் நேராக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.